குடும்ப வருமானத்தைக் காட்ட இரண்டு வாசல்கள்: ஃபாஃப்சா, ஐடாக் பற்றி ஒரு பெற்றோரின் மதிப்புரை

என் மகன் 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் கல்லூரியில் சேர்ந்தான். அவனுக்கு நிதியுதவி கேட்டு விண்ணப்பித்தபோது, எங்கள் குடும்பத்தின் வருமானத்தை இரண்டு தனித்தனிச் சேவைகளின் வழியே மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. ஒன்று, கூட்டாட்சி அரசின் கல்வித் துறை நடத்தும் ஃபாஃப்சா என்னும் நிதியுதவி விண்ணப்பப் படிவம். மற்றொன்று, காலேஜ் போர்டு என்னும் லாப நோக்கற்ற அமைப்பு நடத்தும் சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் என்னும் நிதியுதவிப் படிவமும், அதனோடு இணைந்த ஐடாக் என்னும் ஆவணப் பதிவேற்றத் தளமும். படிவத்தை நிரப்புவது எளிதா கடினமா என்று இவற்றை மதிப்பிட்டவர்கள் ஏற்கெனவே பலர் இருக்கிறார்கள். வீட்டின் உண்மையான நிலைமை இவற்றின் வழியே எவ்வளவு தூரம் கல்லூரியைச் சென்றடைகிறது என்பதையே நான் எடைபோட விரும்புகிறேன். 2024 ஆகஸ்டில் எனக்கு வேலை போயிற்று. ஆனால் நான் நிரப்ப வேண்டியிருந்த படிவங்கள் முதன்மையாக 2023-ஆம் ஆண்டின் வருமானத்தையே கேட்டன. ஆகவே இந்தக் கேள்வி எனக்கு வெறும் ஆராய்ச்சிக் கேள்வியாக இருக்கவில்லை.

முதலில் ஃபாஃப்சா. இன்றைய ஃபாஃப்சாவில் பெற்றோர் எந்தத் தாளையும் காட்டுவதில்லை; தங்கள் வரிக்கணக்கைப் பார்க்க அனுமதி மட்டுமே கொடுக்கிறார்கள். முன்பு, வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸிலிருந்து விவரங்களை இழுத்துக்கொள்ள ஒரு கருவி இருந்தது. விரும்பியவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள், மற்றவர்கள் எண்களைத் தாமே தட்டச்சு செய்தார்கள். 2024–25 கல்வியாண்டின் படிவத்திலிருந்து அந்த ஏற்பாடு மாறிவிட்டது. மாணவரும், படிவத்தில் பங்கேற்க வேண்டிய பெற்றோரும், ஆண்டுதோறும் தனித்தனியே சம்மதம் தெரிவிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் உதவித் தேவையை அளக்கும், எஸ்.ஏ.ஐ. எனப்படும் மாணவர் உதவிக் குறியீடு கணக்கிடப்படாது. கூட்டாட்சி உதவி எதுவும் கிடைக்காது. அமெரிக்காவில் வரியே தாக்கல் செய்யாதவரும் இந்தச் சம்மதத்தைக் கொடுத்தாக வேண்டும் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும்.

இந்த மாற்றம் தொடங்கிய விதம் நல்ல பெயரைத் தேடித் தரவில்லை. வழக்கமாக அக்டோபர் 1-ஆம் தேதி திறக்கும் படிவம் அந்த ஆண்டு 2023 டிசம்பர் 30-ஆம் தேதிதான் கண்ணில் பட்டது. நாங்கள் நிரப்பிய 2025–26 படிவமும் 2024 நவம்பரில்தான் எல்லோருக்கும் திறந்தது. ஆயினும், திறந்த பிறகு அது நன்றாகவே வேலை செய்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். என் பகுதியை முடிக்க எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வரி விவரம் ஐ.ஆர்.எஸ்.ஸிலிருந்து நேராகச் செல்வதால் தட்டச்சுப் பிழைக்கு இடமில்லை. அப்படிச் சென்ற எண்களுக்கு, சரிபார்ப்பின்போது கல்லூரி பொதுவாகத் தனியே சான்று கேட்பதுமில்லை.

ஆனால் ஒரு பெரிய குறை உண்டு. எந்த எண் சென்றது என்பது நமக்குத் தெரியாது. பாதுகாப்பு விதிகளின் காரணமாக, ஐ.ஆர்.எஸ். அனுப்பிய தொகைகள் படிவத்திலும் தெரியாது, பிறகு வரும் சுருக்க அறிக்கையிலும் தெரியாது. பெற்றோரின் வரி விவரம் மாணவருக்குத் தெரிய வேண்டாம் என்பதில் நியாயம் இருக்கிறது. அந்த விவரத்துக்கு உரியவருக்கே அதை மறைப்பதில் எனக்கு நியாயம் தென்படவில்லை. "அப்பா, நம்ம வருமானம் எவ்வளவுன்னு எங்கேயுமே போடலையே, சரியாத்தான் போயிருக்கா?" என்று மகன் கேட்டபோது, போயிருக்கும் என்று நம்புவதைத் தவிர என்னிடம் வேறு விடை இல்லை. ஆகவே ஃபாஃப்சாவை நிரப்புகிறவர்கள் 1040 என்னும் தங்கள் வருமான வரிப்படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏ.ஜி.ஐ. எனப்படும் திருத்திய மொத்த வருமானத்தையாவது ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். கல்லூரியிலிருந்து கேள்வி வரும்போது பேசுவதற்கு அந்த ஓர் எண்தான் கையில் இருக்கும்.

எங்களுக்கு நேர்ந்த தடங்கல் வருமானத்தில் அல்ல, பெயரில். மகன் என்னைப் பங்கேற்பாளராக அழைத்தபோது, வீட்டிலும் அலுவலகத்திலும் வழங்கும் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டான். என் சமூகப் பாதுகாப்பு அட்டையில் அப்பாவின் பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயர் ஆகியிருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் அதே பெயர் ஒற்றை இனிஷியலாக நிற்கிறது. அழைப்பில் இருந்த பெயரும் என் கணக்கில் இருந்த பெயரும் பொருந்தாததால், எனக்கு வந்த இணைப்பு அவனுடைய படிவத்துக்குள் என்னை விடவில்லை. இது முழுக்க எங்கள் பிழை. இனிஷியல் வைத்துப் பழகிய நம்மவர்கள் யாராக இருந்தாலும், பெயரையும் ஒன்பது இலக்கச் சமூகப் பாதுகாப்பு எண்ணையும் அட்டையைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுப்பது நல்லது.

யார் பங்கேற்க வேண்டும் என்பதிலும் நம் சமூகத்தில் குழப்பம் மிகுதி. மாணவர் குடிமகனாகவோ கிரீன் கார்டு உடையவராகவோ இருந்தால் போதும். பெற்றோர் எச்-1பி என்னும் வேலை விசாவில் இருப்பது தடையே இல்லை. மாறாக, மாணவரே எச்-4 என்னும் சார்ந்தோர் விசாவில் இருந்தால், பெற்றோர் எத்தனை ஆண்டுகள் வரி கட்டியிருந்தாலும் கூட்டாட்சி உதவி கிடையாது. கணவனும் மனைவியும் கூட்டாக வரி தாக்கல் செய்திருந்தால் ஒருவர் பங்கேற்றால் போதுமானது. தனித்தனியே தாக்கல் செய்திருந்தால் இருவரும் பங்கேற்க வேண்டும். "நம் சம்பளத்துக்கு ஒன்றும் கிடைக்காது" என்று முடிவு கட்டி, படிவத்தையே நிரப்பாமல் விடும் நண்பர்கள் எனக்கு உண்டு. வருமானம் எவ்வளவாக இருந்தாலும், முதலாண்டு மாணவர் தன் பெயரில் 5,500 டாலர் வரை கூட்டாட்சிக் கடன் பெறலாம் என்பதும், அதற்கும் இந்தப் படிவமே வாசல் என்பதும் அவர்களுக்குத் தெரிவதில்லை.

சரிபார்ப்பு என்னும் கட்டத்தில்தான் தாள்கள் மீண்டும் உள்ளே வருகின்றன. கல்வித் துறை சிலரைத் தேர்ந்தெடுக்கிறது. கல்லூரியும் தானாகச் சிலரைத் தேர்ந்தெடுக்கலாம். பெயரைச் சொல்ல விரும்பாத ஒரு கல்லூரி எங்களைத் தேர்ந்தெடுத்து, என் மனைவிக்கு வருமானம் இல்லை என்பதால், அவர் வரி தாக்கல் செய்யவில்லை என்று ஐ.ஆர்.எஸ். தரும் கடிதத்தைக் கேட்டது. அவர் என்னோடு கூட்டாகத் தாக்கல் செய்தவர். தாக்கல் செய்தவருக்கு, தாக்கல் செய்யவில்லை என்று எந்த அலுவலகம் கடிதம் தரும்? இரண்டு மின்னஞ்சல்களுக்கு ஒரே அச்சுப் பதில் வந்தது. மூன்றாவது முறை தொலைபேசியில் அழைத்து, 1040 படிவத்தின் முதல் பக்கத்தில் என் பெயருக்குக் கீழே உள்ள வரியைப் பார்க்கச் சொன்ன பிறகுதான், அந்தக் கோரிக்கை பட்டியலிலிருந்து நீங்கியது. வருமானம் இல்லாதவர் வேறு, வரி தாக்கல் செய்யாதவர் வேறு என்பதை அலுவலகத்துக்கு நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வழக்கத்துக்கு மாறாக, அதே கல்லூரி வரிச் சான்றும் கேட்டது. இதற்கு ஐ.ஆர்.எஸ். தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் டிரான்ஸ்கிரிப்ட் என்னும் வரிக்கணக்குச் சுருக்கம் போதும். ஆனால் அங்கே ஒத்த பெயர்களில் இரண்டு ஆவணங்கள் இருக்கின்றன. வரிப்படிவத்தின் வரிகளைக் காட்டும் 'ரிட்டர்ன்' டிரான்ஸ்கிரிப்ட்தான் கல்லூரிக்கு வேண்டும். கட்டிய தொகை, பின்னாளில் நேர்ந்த மாற்றங்கள் ஆகியவற்றைக் காட்டும் 'அக்கவுண்ட்' டிரான்ஸ்கிரிப்ட்டை அனுப்பினால் திருப்பிவிடுவார்கள். இன்னொரு நுட்பமும் உண்டு. 2018 முதல் இந்த ஆவணத்தில் பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களும் மட்டுமே அச்சாகின்றன. நீளமான தமிழ்ப் பெயர் ஒன்று நான்கு ஆங்கில எழுத்துகளாகக் குறுகி நிற்கும்போது, அது எந்த மாணவரின் கோப்புக்கு உரியது என்று அலுவலருக்கு விளங்காது. பதிவிறக்கும்போது 'கஸ்டமர் ஃபைல் நம்பர்' என்று ஒரு கட்டம் வரும்; பெரும்பாலானோர் அதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். அந்தக் கட்டத்தில் மாணவரின் கல்லூரி அடையாள எண்ணை இட்டால் அது ஆவணத்திலேயே அச்சாகி வரும். இந்த ஒரு சிறு வசதிக்காகவே ஐ.ஆர்.எஸ். தளத்துக்கு நான் நல்ல மதிப்பெண் தருவேன். டிரான்ஸ்கிரிப்ட்டுக்குப் பதிலாக 1040 நகலைக் கொடுப்பதானால் அதில் கையொப்பம் வேண்டும். மின்வழி தாக்கல் செய்த நகலில் பேனாக் கையொப்பம் இருக்காது என்பதால், அச்சிட்டுக் கையொப்பமிட்டு மீண்டும் ஸ்கேன் செய்ய வேண்டியிருக்கும்.

இனி சி.எஸ்.எஸ். ப்ரொஃபைலும் ஐடாக்கும். இவற்றைக் கேட்பவை பெரும்பாலும் தனியார் கல்லூரிகள்; தங்கள் சொந்த நிதியிலிருந்து கொடுப்பதால், அவை கூடுதலாகத் தோண்டுகின்றன. ஃபாஃப்சா இலவசம். சி.எஸ்.எஸ்.ஸுக்கு முதல் கல்லூரிக்கு 25 டாலர், பின் ஒவ்வொன்றுக்கும் 16 டாலர் கட்டணம் உண்டு; ஏ.ஜி.ஐ. 1,00,000 டாலருக்குள் இருக்கும் உள்நாட்டுக் குடும்பங்களுக்கு விலக்கு உண்டு. உதவி கேட்டு வருகிறவரிடம் வாசலிலேயே கட்டணம் வாங்குவது எனக்கு உறுத்தலாக இருந்தது. பெற்றோர் பிரிந்து வாழும் குடும்பங்களில் பல கல்லூரிகள் இருவரிடமிருந்தும் விவரம் கேட்கின்றன. அந்தச் சிரமத்தை அனுபவித்தவர்கள்தான் எழுத வேண்டும்.

கேள்விகளின் ஆழத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. குடியிருக்கும் வீட்டின் மதிப்பை ஃபாஃப்சா கேட்பதில்லை, சி.எஸ்.எஸ். கேட்கிறது, வாங்கிய ஆண்டையும் விலையையும் சேர்த்துக் கேட்கிறது. சம்பளத்திலிருந்து 401கே ஓய்வுக்காலக் கணக்குக்குப் போகும் தொகையை ஃபாஃப்சா இப்போது வருமானமாக எண்ணுவதில்லை, சி.எஸ்.எஸ். அதையும் விசாரிக்கிறது. இங்கே நான் ஒரு தவறு செய்தேன். முதலாளி தரும் டபிள்யூ-2 தாளில் சம்பளம் பல கட்டங்களில் பலவாறு அச்சாகியிருக்கும். முதல் கட்டத்தில் உள்ளது 401கே தொகை கழிந்த பிறகான வரிக்குரிய சம்பளம். ஐந்தாம் கட்டத்தில் மெடிகேர் என்னும் முதியோர் மருத்துவக் காப்பீட்டு வரிக்கான சம்பளம், அதில் அந்தத் தொகை கழியாது. ஐந்தாம் கட்டத்து எண்ணைச் சம்பளமாக எழுதிவிட்டு, 12-ஆம் கட்டத்தில் 'டி' என்ற குறியோடு இருந்த 401கே தொகையை வேறிடத்தில் மீண்டும் எழுதியதால், ஒருமுறை சம்பாதித்த பணத்தை இருமுறை சம்பாதித்தவன் ஆனேன். ஐடாக்கில் டபிள்யூ-2 ஏற்றிய பிறகு ஒரு கல்லூரி அதைக் கவனித்துக் கேட்டது. இந்த ஒரு காரணத்தாலேயே, தாள்களைக் கேட்கும் முறையை நான் முழுதாக வெறுக்க மாட்டேன். தாளைப் பார்த்த ஒருவர்தான் என் பிழையைப் பிடித்தார்.

ஐடாக் தளத்தின் வேலை எளிமையானது. 1040 படிவம் அதன் இணைப்புகள் அனைத்தோடும், எல்லா டபிள்யூ-2 தாள்களும், தொழில் இருந்தால் அதன் கணக்கும் ஒருமுறை ஏற்றினால், அதில் பங்கேற்கும் எல்லாக் கல்லூரிகளுக்கும் போய்ச் சேரும். ஐந்து கல்லூரிகளின் ஐந்து தளங்களில் ஒரே தாளை ஏற்றுவதோடு ஒப்பிட்டால் இது பெரிய விடுதலை. கடவுச்சொல் பூட்டிய பிடிஎஃப் கோப்புகளை மட்டும் ஏற்ற வேண்டாம். நம் ஊர் வங்கிகள் அனுப்பும் கணக்கு அறிக்கைகள் பெரும்பாலும் பூட்டோடு வருபவை. திறந்து, பூட்டின்றி மீண்டும் சேமித்த பிறகே ஏற்ற வேண்டும்.

ஊர்ச் சொத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்புரை முழுமை பெறாது. குடியிருக்கும் வீட்டைத் தவிர்த்த நிலமும் மனையும் எந்த நாட்டில் இருந்தாலும் முதலீடாகக் கருதப்படும். படிவத்தில் கையொப்பமிடும் நாளின் நிகர மதிப்பை டாலரில் எழுத வேண்டும். கேட்கும்போது எளிதாகத் தோன்றும். ஆனால் தாத்தா பெயரில் பட்டா, அண்ணன் தம்பிகள் இன்னும் பாகம் பிரிக்கவில்லை, ஒரு மூலையில் சித்தப்பா வீடு கட்டியிருக்கிறார் என்னும் நிலத்தின் நிகர மதிப்பை எந்தக் கட்டத்தில் அடக்குவது? சட்டப்படி என் பெயரில் இருக்கும் மனையை மட்டும், பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பைக் கொண்டு கணக்கிட்டு எழுதினேன். பாகம் பிரியாத நிலத்தைச் சி.எஸ்.எஸ்.ஸில் உள்ள விளக்கப் பகுதியில் வாக்கியங்களாகச் சொன்னேன். ஃபாஃப்சாவில் அப்படி விளக்கம் எழுத இடமே இல்லை.

வட்டியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ. வைப்புத்தொகையின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை; ஆனால் அமெரிக்க வரிக்கணக்கில் அது வருமானமே. அங்கே வரி இல்லாததால் இங்கேயும் இல்லை என்று எண்ணி அதை 1040-இல் சேர்க்காதவர், கல்லூரிப் படிவத்தில் அந்த வைப்புத்தொகையை நேர்மையாக எழுதும்போது, சொத்து இருக்கிறது, வட்டி இல்லை என்ற முரண் வெளிப்படையாகத் தெரியும். அதைச் சரிசெய்ய வேண்டிய இடம் கல்லூரி அல்ல, வரித் தாக்கல். மகன் பன்னிரண்டாம் வகுப்புக்கு வருவதற்குள் இதை ஒழுங்கு செய்வது நல்லது.

மறுபுறம், நாம் மாதந்தோறும் ஊருக்கு அனுப்பும் பணத்தை இந்த முறை கண்டுகொள்வதே இல்லை. இந்தியாவில் வாழும் இந்தியக் குடிமக்களான தாய் தந்தையரை அமெரிக்க வரிச் சட்டப்படி சார்ந்திருப்போராகக் காட்ட முடியாது. நம்மோடு ஒரே வீட்டில் வாழாததால் ஃபாஃப்சாவின் குடும்ப எண்ணிக்கையிலும் அவர்கள் வரமாட்டார்கள். அம்மாவின் மருந்துச் செலவு என் சம்பளத்திலிருந்துதான் போகிறது. ஆனால் படிவத்தின் கண்ணுக்கு அந்தப் பணம் இன்னும் என் கையில்தான் இருக்கிறது. ஊரில் இருக்கும் மனை கணக்கில் சேர்கிறது, ஊரில் இருக்கும் அம்மா சேர்வதில்லை. இதையும் சி.எஸ்.எஸ். விளக்கப் பகுதியில்தான் எழுதினேன். அதற்கு எவ்வளவு எடை கொடுத்தார்கள் என்பது அவரவர் மேசைக்குள் இருக்கும் விஷயம்.

வேலை இழப்புக்கு வருகிறேன். இரண்டு சேவைகளும் முதன்மையாக 2023-ஐத்தான் பார்த்தன. அந்த ஆண்டில் நிறுவனப் பங்குகள் என் கணக்குக்கு வந்து, அவற்றின் மதிப்பும் டபிள்யூ-2-இல் சம்பளமாகச் சேர்ந்திருந்ததால், காகிதத்தில் நான் வாழ்நாளில் இல்லாத செல்வனாக இருந்தேன். இப்படிப்பட்ட நிலைமைக்கு ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. உயர்கல்விச் சட்டத்தின் 479ஏ பிரிவு, தனிப்பட்ட சூழ்நிலையை ஆராய்ந்து எண்களைத் திருத்தும் அதிகாரத்தைக் கல்லூரியின் நிதியுதவி அலுவலருக்குக் கொடுக்கிறது. இத்தகைய கோரிக்கைகள் அனைத்தையும் ஒட்டுமொத்தமாக மறுப்பது என்ற கொள்கையை எந்தக் கல்லூரியும் வைத்திருக்கக் கூடாது. கோரலாம் என்பதை வெளிப்படையாக அறிவித்திருக்கவும் வேண்டும். ஆனால் அலுவலரின் முடிவே இறுதியானது. கல்வித் துறையிடம் மேல்முறையீடு செய்ய முடியாது. வருமானத்தை மெய்ப்பிக்கும் இந்தப் பெரிய ஏற்பாட்டின் உண்மையான உயிர்நாடி, தளத்திலோ தரவுப் பரிமாற்றத்திலோ இல்லாமல், இந்த ஓர் ஆளிடம் இருக்கிறது என்பதே என் அனுபவத்தில் நான் கண்டது.

வேலை நீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, வேலையின்மை உதவித்தொகை வந்ததற்கான அறிக்கை, அந்த ஆண்டு முழுவதற்குமான வருமான மதிப்பீடு ஆகியவற்றை ஒன்றாகத் தொகுத்து, ஒரு பக்கக் கடிதத்தோடு இரண்டு கல்லூரிகளுக்கு அனுப்பினேன். கடிதத்தில் உருக்கத்தைக் குறைத்து, மாதவாரியாக எண்களைக் கொடுத்தேன். ஒரு கல்லூரி இரண்டு வரியில் மறுத்தது; காரணம் சொல்லவில்லை. மற்றொன்றின் அலுவலர் தொலைபேசியில் அழைத்து, வேலை நீக்கத்தின்போது தரப்பட்ட சிவரன்ஸ் தொகை எத்தனை மாதச் சம்பளத்துக்கு ஈடானது என்று கேட்டு, பத்து நாளில் திருத்திய உதவிக் கடிதத்தை அனுப்பினார். மகன் அங்கேதான் சேர்ந்தான்.

ஃபாஃப்சாவை எல்லோரும் நிரப்ப வேண்டும் என்றே சொல்வேன். அனுமதி கொடுத்துவிட்டு நகர்ந்துவிடலாம் என்ற அளவில் அது நல்ல சேவை. சி.எஸ்.எஸ்.ஸும் ஐடாக்கும் பொறுமையைச் சோதிப்பவை, கட்டணமும் உறுத்துகிறது. ஆனால் வாக்கியங்களில் பேச இடம் கொடுப்பவை அவைதான். 2026–27 படிவம் 2024-ஆம் ஆண்டின் வருமானத்தைக் கேட்கிறது. எட்டு மாதச் சம்பளமும் சிவரன்ஸும் சேர்ந்து, அந்த ஆண்டின் டபிள்யூ-2 முந்தையதைவிடச் சற்றே பெரிதாக வந்திருக்கிறது. பழைய கடிதத்தின் நகலை எடுத்து, தேதியை மட்டும் மாற்றி மேசையில் வைத்திருக்கிறேன்.